டீக்கடை இருந்த இடம்

சேர்க்கை நாளன்று அம்புலிப் பல்கலைக்கழகத்தின் வாசலில் புது மாணவர்கள் வரிசையில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை அடிக்கவில்லை. வீட்டை விட்டு வந்த துக்கமும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வீடு நிலாவிலேயே, காற்றடைத்த அடுத்த கவிகைக்குள்தான், நடந்தே போய்விடலாம். இன்னும் ஒரு வகுப்பில்கூட உட்காராத கல்லூரி வாழ்க்கையை நினைத்து அழுதார்கள். "அந்த நாள் இனிமே வருமாடா?" என்று ஒரு பையன் பக்கத்தில் நின்றவனின் தோளில் சாய்ந்து விம்மினான். அவனுடைய அந்த நாள் மறுநாள் காலையில்தான் தொடங்க இருந்தது. பெற்றோர்கள் பெருமையோடு கைக்குட்டை எடுத்து நீட்டினார்கள்.

வரிசையில் சேரும் இடத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து, ஒவ்வொருவரின் இடது காதுக்குப் பின்னாலும் ஒரு சின்ன மணியை ஊசியால் செலுத்திக்கொண்டிருந்தாள். நெல் அளவுதான் இருக்கும். அதற்கு ஏக்கமணி என்று பெயர். மூளையில் பழைய நினைவுகள் தங்கும் இடத்தை அது மெல்லத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருக்குமாம். கல்லூரியின் பெயரைக் கேட்டால் தொண்டை அடைக்கும், கண் கலங்கும், கை தானாகப் பணப்பைக்குப் போகும். அப்படித்தான் விளக்கக் குறிப்பில் எழுதியிருந்தது.

இதைக் கண்டுபிடித்த மூளை முனைவர் திருஞானத்துடையது. பழைய மாணவர் உறவுத் துறையின் தலைவர். நிலாவில் படித்தவர்கள் பட்டத்தை வாங்கிய கையோடு செவ்வாய்க்கும் சனிக்கும் பறந்துபோனார்கள், கொழுத்தார்கள், திரும்பிப் பார்க்கவே இல்லை. பாடம் நடத்தினால் செலவு. பழைய மாணவர் மனம் கசிந்தால் வரவு. ஆகவே படிப்பு முடிந்தபின் பழைய மாணவனைத் துரத்துவதைவிட, வந்த அன்றே அவனைப் பழைய மாணவனாக்கிவிடுவது மேல் என்று திருஞானம் முடிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய துறை, இயற்பியல், வேதியியல், மருத்துவம் மூன்றையும் சேர்த்தாலும் கிட்ட வர முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது.

மணி மட்டும் போதுமா? 'பழைய மாணவராதல்' என்று ஒரு கட்டாயப் பாடமும் இருந்தது. முதலாண்டில் நன்றி சொல்லுதல், இரண்டாமாண்டில் குரல் தழுதழுத்தல், மூன்றாமாண்டில் மேடையில் நண்பனைக் கட்டிப்பிடித்தல், கடைசியாண்டில் கொடுத்தல். பாடநூலைத் தயாரித்தவர்களுக்கு நிலாவில் நல்ல நினைவு எதுவும் கிடைக்கவில்லை. அதனால், பழைய பூமியில் மனிதர்கள் கைப்பேசிக் குழுக்களில் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சலிக்காத செய்திகளைத் தோண்டி எடுத்து அப்படியே அச்சடித்துவிட்டார்கள். கல்லூரி வாசலில் வேப்பமரம், அதன் அடியில் டீக்கடை, கடைசி பெஞ்சு, திடீரென்று பிடித்துக்கொள்ளும் மழை. நிலாவில் மழை பெய்யாது. வேப்பமரம் கிடையாது. இது யாருக்கும் உறைக்கவில்லை. தேர்வில் வருகிற விஷயத்தைச் சந்தேகப்பட அங்கே யாரும் பழக்கப்படவில்லை.

பூங்கோதை என்ற தாவரவியல் மாணவி மட்டும் சேர்க்கை நாளன்று அழவில்லை. நர்ஸ் அவள் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "சிலருக்கு வேலை செய்ய நாளாகும்மா" என்று அனுப்பிவைத்தாள். நாளாகியும் செய்யவில்லை. மற்ற பாடங்களில் எல்லாம் முதல் வகுப்பு வாங்கியவள், தழுதழுத்தல் செய்முறைத் தேர்வில் மட்டும் அரியர் வைத்திருந்தாள்.

அவளுடைய மனசெல்லாம் பாசிக்கூடத்தில் இருந்தது. பல்கலைக்கழக வாசலுக்கு இடப்பக்கம், கண்ணாடிக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. அங்கே தொட்டிகளில் ஒரு புதுவகைப் பாசியை வளர்த்துக்கொண்டிருந்தாள். மனிதர் விட்ட மூச்சைக் குடித்துவிட்டு நல்ல காற்றைக் கக்கும் பாசி. அவளுடைய அப்பா மாரியப்பன் வெளிவட்டக் குழியில் சுரங்க வேலை பார்த்தார். நகரத்துக் காற்றில் மிச்சப்பட்டதுதான் குழிக்குப் போகும். அங்கே எல்லோருக்கும் இருமல். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் குறைவு.

"உன் பாசி எப்பம்மா இங்க வரும்?" என்று அவர் திரையில் கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

"வர்ற பருவத்துல வந்துரும்பா. கூரைதான் விரிசல் விட்டிருக்கு. அத மாத்திட்டா போதும்."

கூரையை மாற்றப் பணமில்லை என்று பல்கலைக்கழகம் சொன்னது. அந்த வாரம்தான் உறவுத் துறை வரவேற்பறைக்குச் சனிக்கோளிலிருந்து சோபா வந்து இறங்கியிருந்தது.

ஒருநாள் திருஞானம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தா பாரு பூங்கோதை. வேலாயுதம் ஐயா வர்றாரு. விண்கல் சுரங்கம் பாதி அவரோடதுதான். நம்ம தாவரவியல்ல படிச்சவரு. இப்ப அந்தத் துறையில மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான். அதனால நீதான் மாணவர் தூதர்."

"நான் என்ன சார் செய்யணும்?"

"கூட நட. சிரி. அவரு அழுதா நீயும் அழு. அழுகை வராட்டி குனிஞ்சுக்கோ."

"கூரையப் பத்திக் கேக்கலாமா சார்?"

"அழுது முடிச்சப்புறம் கேளு. அப்பதான் ஆள் இளகி இருப்பாரு" என்றார் முனைவர். தம் துறையில் அவர் கற்றறிந்தது அவ்வளவுதான்.

வேலாயுதம் வந்தார். உடம்பில் பாதி புது உறுப்பு, மீதி தொப்பை. வாசலில் கால் வைத்ததுமே உதடு துடிக்கத் தொடங்கியது. இரண்டு உதவியாளர்கள் படம் பிடித்தார்கள். ஒரு கோணம் சரியில்லை என்று அவர் மறுபடியும் இறங்கி, மறுபடியும் கால் வைத்து, மறுபடியும் துடித்தார்.

"அந்த வேப்பமரம் எங்கம்மா?" என்றார்.

பூங்கோதைக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இங்க மரமே இருந்ததில்லீங்க ஐயா. வெளியில காத்தே கிடையாது."

அந்தப் பெரிய மனிதரின் முகம் விழுந்ததைப் பார்த்துத் திருஞானம் பாய்ந்து முன்னால் வந்தார். "வெட்டிட்டாங்க ஐயா! எனக்கு முன்னாடி இருந்தவங்க செஞ்ச பாவம்."

"பாவிங்களா! அதுக்கடியில டீக்கடை இருக்குமே. மழை பிடிச்சா கிளாசுக்குப் போகாம நாங்க எல்லாரும் அங்கதானே கிடப்போம்." வேலாயுதம் தேம்பினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடப்பக்கம் நீண்டு கிடந்த கொட்டகையைப் பார்த்தார். "இந்தா, இங்கதான் இருந்துச்சு. யாரு இந்தக் கொட்டகையைக் கொண்டாந்து வச்சது?"

பூங்கோதை சட்டென்று கொட்டகைக் கதவைத் திறந்தாள். அவரை உள்ளே அழைத்துப்போனாள். ஒரு தொட்டியின் விளிம்பைக் காட்டினாள். அதில் ஆணியால் கீறி 'தா. வேலாயுதம்' என்று எழுதியிருந்தது. இங்கே நின்றுதான் அவர் படித்தார். கிடைத்த பட்டமும் அதை வைத்துக் கிடைத்த சுரங்கமும் எல்லாமே இந்தத் தொட்டியிலிருந்து வந்தவைதான்.

"ஐயா, இது நீங்க வேலை செஞ்ச தொட்டி. உங்க பாசியோட வழியில வந்ததுதான் என் பாசி. இந்தக் கூரை மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா குழியில இருக்கறவங்களுக்கு நல்ல காத்து போகும். எங்கப்பா அங்கதான் இருக்காரு. அவருக்கு ரொம்ப முடியல."

வேலாயுதம் குனிந்து தன் பெயரைப் பார்த்தார். விரலால் தடவினார். அவர் கண் கலங்கியது. பூங்கோதைக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது.

"எவ்வளவு அழகா எழுதியிருக்கேன் பாத்தியா?" என்றார். "இத மட்டும் அறுத்து எடுத்து டீக்கடையில மாட்டிருங்க."

திருஞானம் குறித்துக்கொண்டார். வேலாயுதம் பூங்கோதையின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். தன் படம் போட்ட டி-ஷர்ட் ஒன்றும் கொடுத்தார். அளவு பெரிதாக இருந்தது.

பாசிக்கூடத்தை இடித்தார்கள். பாசியை வழித்துக் கழிவுக் குழாயில் விட்டார்கள். பூங்கோதை ஒரு வாளியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துறையாக இடம் கேட்டு அலைந்தாள். யாரும் தரவில்லை, வாளியிலேயே அது வாடிப்போனது. வாசலில் பிளாஸ்டிக்கில் ஒரு வேப்பமரம் எழுந்தது; சாவி கொடுத்தால் இலை உதிர்க்கும். கவிகையின் உச்சியில் குழாய் பதித்து மழை விட்டார்கள். நிலாவில் எடை குறைவு என்பதால் துளிகள் அவசரமே இல்லாமல், யோசித்து யோசித்துக் கீழே வந்தன. டீக்கடைக்குள் ஒரு எந்திரம் லுங்கி கட்டிக்கொண்டு நின்று, வருகிறவர்களை எல்லாம் "வா மாப்ள" என்று வரவேற்றது. திறப்பு விழாவுக்கு வந்த பழைய மாணவர்கள் எல்லோரும் அந்த எந்திரத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். "அண்ணே, அப்படியே இருக்கீங்களே!" என்று கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அந்தப் பருவம் முடிவதற்குள் மாரியப்பன் இறந்துபோனார். நுரையீரல் கல்லாகிவிட்டது என்றார்கள்.

பூங்கோதை பட்டம் வாங்கிக்கொண்டு, விழாவுக்கு நிற்காமல் சனியின் துணைக்கோளான டைட்டனுக்குக் கப்பல் ஏறினாள். அங்கே அவள் பெரிய ஆளானாள். குடியிருப்புகளுக்குக் காற்று வடிக்கும் நிறுவனம் ஒன்று அவள் கையில் வந்தது. அம்புலிப் பல்கலைக்கழகத்தின் பெயரை யாராவது எடுத்தால், "அது காலேஜ் இல்ல, கொலைக்களம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். உறவுத் துறையிலிருந்து வரும் செய்திகளைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். அப்படி இருந்த ஒருத்திக்கும் தலை நரைக்கத் தொடங்கியபோது ஒரு அழைப்பு வந்து சேர்ந்தது. அவளைப் 'பெருமைமிகு பழைய மாணவி'யாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். மேடை, பொன்னாடை, பேச்சு.

போக வேண்டும் என்று முடிவு செய்தாள். ஒலிவாங்கியைக் கையில் வாங்கி, அந்த மழைக்கு அடியிலேயே நின்று, டீக்கடை இருக்கிற இடத்தில் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக அவள் தேக்கி வைத்திருந்தது அதுதான். ஒரே பயம், காதுக்குப் பின்னால் இருந்த மணி. அழைப்பைப் படித்தபோது கண் ஓரம் லேசாக உறுத்தியதை அவள் கவனித்திருந்தாள். அதனால் கிளம்புவதற்கு முன் மருத்துவர் ஹபீபாவிடம் போனாள்.

ஹபீபா சின்னதாகக் கீறி மணியை எடுத்துத் தட்டில் போட்டார். இடுக்கியால் அழுத்தினார். அது பொடிந்தது.

"இதுல ஒண்ணும் இல்லீங்க" என்றார். "வெறும் சுண்ணாம்பு."

"பழசாகிக் கெட்டுப்போச்சா டாக்டர்?"

"கெட்டுப்போக உள்ள ஏதாவது இருக்கணும்ல? உங்க காலேஜ்காரங்க நெறைய பேருக்கு நான் இத எடுத்திருக்கேன். தலைவலின்னு வருவாங்க. எல்லாருக்கும் இதே சுண்ணாம்புதான். மணி செஞ்சு குடுத்த ஒப்பந்தக்காரன் ஆரம்பத்துலேருந்தே உள்ள எதையும் வைக்கல போல. யாரும் பிரிச்சுப் பாக்கல."

"அப்ப அந்த அழுகை எல்லாம்?"

"அது அவங்களாவே அழுதது" என்று ஹபீபா கை கழுவப் போனார்.

பூங்கோதை வெகுநேரம் சிரித்தாள். பயமே தேவையில்லை. அவளை அழவைக்க உள்ளே ஒன்றும் இல்லை. பொடியை ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மேடையில் அதையும் பிரித்துக் காட்டுவதாகத் திட்டம்.

அவள் அம்புலியில் இறங்கியபோது வாசலில் குழாய் மழையைத் திறந்துவிட்டிருந்தார்கள். கூடப் படித்தவர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். படிக்கும் காலத்தில் ஒருநாளும் அவளோடு பேசாதவர்கள்தான். "நம்ம பூங்கோதடீ!" என்று ஒருத்தி கத்தினாள். யாரோ கையில் டீயைத் திணித்தார்கள். "வா மாப்ள" என்றது எந்திரம். திருஞானம் கிழமாகி, சக்கர நாற்காலியில் வந்து, "எங்க காலேஜ் பொண்ணு" என்று ஊரே கேட்கச் சொன்னார். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கி கைக்கு வந்தது. ஆயிரம் முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆசையோடு பார்த்தன. அந்த இடத்தில் அவளை அப்படி யாரும் பார்த்ததே இல்லை.

"இந்த மழை இருக்கே..." என்று தொடங்கினாள். தொண்டை அடைத்தது. கூட்டம் கைதட்டியது. அரியர் வைத்திருந்த அந்தச் செய்முறைத் தேர்வை அன்றைக்கு அவள் முதல் வகுப்பில் முடித்தாள். மேடையை விட்டு இறங்குவதற்குள், இரண்டாவது டீக்கடை கட்டப் பணம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள்.

விழா முடிந்ததும் அவளுக்கு அமர்த்தியிருந்த மாணவர் தூதர், ஒடிசலான ஒரு பெண், டீக்கடை வரை கூடவே வந்தாள். தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? எங்க ஹாஸ்டல்ல காத்து சரியில்ல. ராத்திரியில பசங்களுக்கு மூச்சு முட்டுது. நீங்க காத்து கம்பெனிதானே வச்சிருக்கீங்க..."

"எங்க காலத்துலயும் அப்படித்தாம்மா இருந்துச்சு. அதெல்லாம் எங்களுக்கு ஒரு கஷ்டமாவே தெரியல" என்றாள் பூங்கோதை. கண்ணைத் துடைக்கக் கைப்பையைத் திறந்து, அகப்பட்ட காகிதத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் சுண்ணாம்பு ஒட்டியது.

அந்தப் பெண் எந்திரத்திடம் ஒரு டீ வாங்கி அவளிடம் நீட்டினாள். பிறகு கடையின் சுவரில் மாட்டியிருந்த, 'தா. வேலாயுதம்' என்று கீறிய தகரத் துண்டைக் காட்டிக் கேட்டாள்.

"இது ஏதோ தொட்டியோட விளிம்பு மாதிரி இருக்கு மேடம். உங்க காலத்துல இந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

பூங்கோதை அந்தத் துண்டைப் பார்த்தாள். மெல்ல இறங்கிக்கொண்டிருந்த மழையைப் பார்த்தாள். டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"இதே கடைதாம்மா" என்றாள். "எங்கப்பா என்னைப் பாக்க வந்தா, இங்க உக்காந்துதான் டீ குடிப்பாரு."