செத்த சாட்சியை உரித்துப் பார்

பிணம் கற்சுவரோரம் கிடந்தது.

கழுத்தில் ஒரே வெட்டு. பழகின கையின் வெட்டு. கண் இரண்டும் திறந்தபடி...

காவலுக்கு விடப்பட்ட பொலிஸ்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"ஐயா... சாட்சி செத்துப் போச்சுது."

வழக்கின் முக்கியமான சாட்சி! இரண்டு வருடமாக ஒரு சொல்லும் பேசாத சாட்சி!

பேசாததற்குக் காரணம் இருந்தது. அது ஒரு செவலைப் பசு.

சிரிக்க வேண்டாம். அந்தப் பசுவால் ஒரு நீதவானின் கதிரையே பறிபோயிருந்தது.

மீனலோசனி. நெடுந்தீவுக்காரி. தீவுப் பக்க நீதிமன்றம் ஒன்றின் நீதவானாக இருந்தவள். மாட்டுக் கள்ளர்களுக்கு ஈவிரக்கம் காட்டாதவள். கள்ளர்களிடமிருந்து மீட்ட இந்தப் பசுவைச் சொந்தக்காரியிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போட்டவளும் அவள்தான்.

ஆனால் அவளுடைய நீதிமன்றப் பதிவாளர் வாகீசன், அவரும் நெடுந்தீவுக்காரர்தான், மேலிடத்துக்கு வேறு கதை சொன்னார். நீதவான் பசுவைத் தானே எடுத்துக்கொண்டார்... தன் குடும்பத்துச் சூட்டுக்குறியைப் போட்டு, நெடுந்தீவில் தகப்பனின் காணியில் விட்டிருக்கிறார்!

போய்ப் பார்த்தார்கள். பசு நின்றது. தொடையில் குறியும் இருந்தது. ஒரு வட்டம், அதற்குள் நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. மீனலோசனி வீட்டுக் குறியேதான்.

வேலை இடைநிறுத்தம்! ஊர் அவளுக்கு 'மாட்டு நீதவான்' என்று பேரும் வைத்தது.

கீழ் நீதிமன்ற நீதவான்களின் வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் மன்று இன்றுதான் கடல் தாண்டி வந்திருந்தது. பசுவைப் படகில் ஏற்ற ஏலாது என்பதால் மன்று படகில் ஏறியது. தலைவர் ஆழ்வாப்பிள்ளை, ஓய்வுபெற்ற மேல் நீதிமன்ற நீதிபதி. வாகீசனும் அதே காலைப் படகில்தான் வந்தார். வழி முழுக்க வாந்தி எடுத்த ஆழ்வாப்பிள்ளைக்கு நெற்றி பிடித்துவிட்டதும் அவர்தான்.

மீனலோசனி முதல் நாளே வந்து தகப்பன் வீட்டில் தங்கியிருந்தாள்.

இப்போது எல்லோரும் பிணத்தைச் சுற்றி நின்றார்கள்.

"காவலுக்கு நிண்ட நீர் எங்கை போனனீர்?" ஆழ்வாப்பிள்ளை உறுமினார்.

"தேத்தண்ணி குடிக்கப் போனனான் ஐயா." பொலிஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "இறைச்சிக் கள்ளர் வெட்டியிருப்பினமோ தெரியேல்லை."

வாகீசன் முந்திக்கொண்டார்.

"இறைச்சிக்கு வெட்டினவன் இறைச்சியை விட்டிட்டே போவான்? முழு மாடும் கிடக்குது. இது சாட்சியை அழிக்கச் செய்த வேலை ஐயா."

சொல்லிவிட்டு மீனலோசனியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"வாகீசன் சொல்லுறது சரி ஐயா." மீனலோசனியின் குரல் ஆடவில்லை. "போன வருசம் மன்றிட்டை ஒரு விண்ணப்பம் தந்தனான். ஞாபகமிருக்கோ?"

"ஓம். குறியைச் சோதிக்க வேணும் எண்டு கேட்டனீர். தோலின்ரை உள்பக்கத்தைப் பாத்தால்தான் தெரியும் எண்டனீர். உயிரோடை நிக்கிற மாட்டை உரிக்க ஏலாது எண்டு மறுத்தனாங்கள்."

"இப்ப உயிர் இல்லைத்தானே, ஐயா."

பசுவின் மேல் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.

வாகீசன் நெற்றியைத் துடைத்தார்.

"ஏன் ஐயா இந்த அருவருப்பு? வெயில் ஏறுது, நாறப்போகுது. குழி வெட்டித் தாட்டுப்போட்டு மத்தியானப் படகைப் பிடிப்பம்."

சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லிவிட்டார் மனுசன்! படகு என்றதும் ஆழ்வாப்பிள்ளை கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"படகுக்கு எனக்கு ஒரு அவசரமும் இல்லை. உரியுங்கோ. ஆர் இருக்கினம் உரிக்க?"

பொலிஸ்காரர் தலையைச் சொறிந்தார்.

"தோல் கிழியாமல் உரிக்கிறவன் இலட்சுமணன்தான் ஐயா. ஆனால் மாட்டுக் களவுக்கு இந்த அம்மாதான் அவனைச் சிறைக்கு அனுப்பினவ."

"அப்ப நல்லதாப் போச்சு. இவவுக்காக அவன் ஒண்டும் செய்யமாட்டான். கூப்பிடும் அவனை."

இலட்சுமணன் வந்தான். கத்தியைத் தீட்டினான். மீனலோசனியின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. வேலை முடிந்ததும் தோலைப் புரட்டிக் கற்சுவரில் விரித்தான்.

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

சூடு தோலின் உள்ளேயும் இறங்கும். பழைய சூடு வெளுத்துத் தடித்துக் கிடக்கும். பிந்திய சூடு மெல்லிசாகத் தெரியும். மேலே மயிர் மறைத்ததை உள்ளே மறைக்க எதுவும் இல்லை.

வட்டம் தடிப்பாக இருந்தது. நெடுங்கோடு அதைவிட மெலிவு. குறுக்குக்கோடு எல்லாவற்றிலும் மெலிவு.

"மூண்டு தரம் சுட்டிருக்கு..." ஆழ்வாப்பிள்ளை நிமிர்ந்தார். "முதல் சூடு வெறும் வட்டம். அது ஆற்றை குறி?"

"என்ரை."

சுவருக்கு வெளியே வேடிக்கை பார்த்த சனத்திலிருந்து வந்தது அந்தக் குரல். அன்னமுத்து. புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பால் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தவள். பசுவைக் களவு கொடுத்ததும் அவள்தான்.

"கோர்ட்டிலை விசாரிச்சனான் ஐயா. மாடு செத்துப் போச்சுதெண்டு இந்தப் பதிவாளர்தான் சொன்னவர்."

"சரி. வட்டத்துக்குள்ளை நெடுங்கோடு மட்டும் போட்டால் அது ஆற்றை குறி?"

சனத்தின் கண் முழுக்க ஒரே ஆளின் மேல்! கடைசியில் பொலிஸ்காரர்தான் இருமிவிட்டுச் சொன்னார்.

"பதிவாளற்றை வீட்டுக் குறி ஐயா."

மீனலோசனி தோலைத் தொட்டுக் காட்டினாள்.

"மாட்டைக் குடுத்தாச்சோ எண்டு இவரை நான் கேட்டனான். கேட்டாப்பிறகுதான் இந்தக் குறுக்குக்கோடு வந்திருக்கு. ஒரு கோடு, ஐயா. அவரின்ரை மாடு என்ரை மாடாப் போச்சு."

வாகீசன் கற்சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம். மாட்டை எடுத்தது நான்தான். குறி மாத்தினதும் நான்தான். ஆனால் வெட்டினது நானில்லை. அம்மாளாணை நானில்லை."

பொய் சொல்லிப் பழகிய வாய். யார் நம்புவார்? பொலிஸ்காரர் விலங்கை எடுத்தார்.

ஆழ்வாப்பிள்ளை மீனலோசனிக்கு முன்னால் கை கூப்பினார்.

"பிழை எங்களிலைதான். நீர் சுத்தமான ஆள். திரும்பப் போய் உம்மடை கதிரையில இரும்."

பிறகு அன்னமுத்துவிடம் திரும்பினார்.

"உம்மடை மாடு எண்டு உறுதியாப் போச்சு. நீர் எடுக்கலாம்."

எதை எடுப்பது? அன்னமுத்து சுவரில் கிடந்த தோலைத் தடவினாள்.

"நான் தண்ணிக்குப் போறது இந்தச் சுவரோரத்தாலைதான் ஐயா. ஒரு நாள் இது என்னைப் பாத்துக் கத்தினது. முகம் என்ரை மாட்டின்ரை முகம்தான். குறி வேறை எண்டிட்டுத் திரும்பிப் பாராமல் போட்டன்."

மீனலோசனி கிட்டப் போனாள்.

"அக்கா..."

"உயிரோடை தந்திருக்கலாமே, பிள்ளை."

நீதி கிடைத்துவிட்டது. நீதவானுக்குக் கதிரை, மாட்டுக்காரிக்குத் தோல்! இப்படியொரு பங்கு பிரிப்புக்கு நீதி என்று பேர் வைத்தவனைத்தான் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டும்.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது...

வாகீசனின் சட்டத்தரணி விடவில்லை. மாடு வெட்டுப்பட்ட நேரத்தில் தன் கட்சிக்காரர் நடுக்கடலில், அதுவும் ஆழ்வாப்பிள்ளையின் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றார். ஆழ்வாப்பிள்ளையே அதற்குச் சாட்சி! பொலிஸ் திரும்பவும் தேடியது. இரத்தம் காய்ந்த சாரம் ஒன்று அகப்பட்டது. சாரத்தை உடுத்தவனும் அகப்பட்டான்.

திங்கட்கிழமைக் காலை. நீதிமன்றம்.

மீனலோசனி கதிரையில். எதிரிக் கூண்டில் இலட்சுமணன்.

வழக்கை வேறு நீதவானுக்கு மாற்றலாம்தான். மாற்றுவதற்குக் காரணம் எழுத வேண்டும். என்ன காரணத்தை எழுதுவது? மன்று வருவதற்கு முதல் நாள் இதே இலட்சுமணனின் வீட்டுப் படலையில் போய் நின்றதையா? "நாளைக்கு அந்த மாடு உயிரோடை இருக்கக் கூடாது. தோல் மட்டும் கவனம்" என்று அவனிடம் சொன்னதையா?

அன்னமுத்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மாட்டை வெட்டினவனின் முகத்தைப் பார்க்க வந்திருந்தாள்.

மீனலோசனி வழக்கு ஏட்டைத் திறந்தாள். குரல் முதன்முறையாக ஆடியது.

"நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?"

இலட்சுமணன் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டான்.

"எங்கள் ரெண்டு பேரில ஆரைக் கேக்கிறியள், அம்மா?"