ஓடப் பழகிய மூட்டைகள்

தினமும் காலையில் நாற்பது மண்மூட்டைகளை ஓட்டப் பயிற்சிக்கு அழைத்துப் போவது தணிகாசலத்தின் வேலை.

செவ்வாயில் செங்காடு ஒன்றுதான் ஊர். அந்த ஊரின் நடுவே வட்டார விளையாட்டு வளாகம் கட்டி முடிக்கப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வளாகத்தின் உயிர் எடைச் சக்கரம். அரங்கத்தின் அளவுக்குப் பெரிய அந்தச் சக்கரத்தின் உட்புற விளிம்பில் ஓடுதளம் இருக்கும். சக்கரம் வேகமாகச் சுழலும்போது உள்ளே இருப்பவர்களுக்குப் பூமியில் இருக்கும் முழு எடை வந்துவிடும். செவ்வாயைப் போல எடை குறைந்த இடத்தில் எலும்பு உளுத்துப்போகும். வாரத்தில் சில நாள் சக்கரத்துக்குள் ஓடினால் போதும், எலும்பு பூமிக்காரர்களைப் போல இறுகும்.

ஆனால் சக்கரத்தில் மூட்டைகள் மட்டுமே ஓடின. திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை. சிறப்பு விருந்தினர் பூமியிலிருந்து வர வேண்டும். முதலில் கிளம்ப இருந்தவர் பதவி இழந்தார். அடுத்தவர் நல்ல நாள் பார்ப்பதற்குள் இரு கோள்களும் விலகிப் போயின. அதுவரை அச்சு இறுகிவிடாமல் இருக்கச் சக்கரத்தைச் சுமையேற்றிச் சுழற்ற வேண்டும் என்பது பராமரிப்பு விதி. தணிகாசலம் மூட்டைகளை அடுக்குவார். வெளியே வந்து பொத்தானை அழுத்துவார். மூட்டைகள் பூமியின் எடையோடு கனத்துச் சுழலும். அவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவருடைய மனைவி கோமதி இறந்தது ஓர் இருமலால். சாதாரண இருமல்தான். விலா எலும்பு முறிந்து நுரையீரலில் குத்திவிட்டது. அவருக்கு அழுகை வரவில்லை. பிறகு வரும் என்றார்கள். வரவில்லை. மறு வாரமே மூட்டை அடுக்கப் போய்விட்டார்.

மகள் நித்திலாவுக்குப் பன்னிரண்டு வயது. செங்காட்டில் காலையில் பல் துலக்குவது போல எலும்பும் பார்த்துக்கொள்வார்கள். அன்று காலை எலும்புமானியை அவள் முழங்கையில் வைத்தபோது அது கோமதியின் கடைசி ஆண்டில் காட்டிய அதே மஞ்சள் நிறத்தைக் காட்டியது. வளரும் வயது முடிவதற்குள் எலும்பு எடையைச் சுமக்காவிட்டால் பிறகு அது முழு வலுப் பெறாது என்று மருத்துவ இயந்திரம் முன்பே சொல்லியிருந்தது.

"மூட்டைங்களுக்குப் பேர் வச்சிருக்கியாப்பா?" என்றாள் நித்திலா.

"மூட்டைக்கு எதுக்குப் பேரு?"

"தினம் ஓடுதுங்களே. என்னைவிட நல்ல எலும்பு இருக்கும்."

"மூட்டைக்கு ஏதும்மா எலும்பு?"

"அதான் நானும் சொல்றேன். எலும்பு இல்லாதது ஓடுது. இருக்கிறது உக்காந்திருக்கு. நாளைக்கு என்னையும் ஒரு மூட்டைன்னு ஏத்திவிடேன்."

மறுநாள் தணிகாசலம் ஒரு மூட்டையை வெளியே நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக மகளை அழைத்துப் போனார்.

வளாகத்தின் வாசலில் ஒரு காவல் இயந்திரம் இருந்தது. எல்லோரும் அதை வாட்ச்மேன் என்றே கூப்பிடுவார்கள்.

"அய்யா, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை" என்றது வாட்ச்மேன்.

"பொதுமக்கள் இல்ல. புது மூட்டை."

"மூட்டை சிரிக்கிறது."

"தையல் விட்டிருக்கும். காத்து போற சத்தம்."

வாட்ச்மேன் தன் விதிகளைத் துழாவியது. அதற்குச் சந்தேகப்படத் தெரியாது, விதி பார்க்கத்தான் தெரியும். "சோதனைச் சுமை எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை" என்று சொல்லி வழிவிட்டது.

சக்கரம் சுழன்றதும் நித்திலா கீழே அமுங்கி உட்கார்ந்துவிட்டாள். பிறகு கைகளை ஊன்றி எழுந்தாள். நான்கு எட்டு வைத்தாள், விழுந்தாள், மறுபடி எழுந்தாள். "அப்பா, கால் வலிக்குது!" என்று ஒலிபெருக்கியில் கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் சொல்லி அவர் கேட்டதில்லை. தனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். அசையவில்லை. ஆனால் கண்ணாடியை விட்டு நகரவும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு பிலோமி தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏன் தம்பி, உன் பொண்ணு மட்டுந்தான் மூட்டையா? என் வீட்டுல ரெண்டு மூட்டை தின்னுட்டுத் தூங்குது. சின்னதப் பாரு, கட்டி வச்ச அரிசி மூட்டையேதான்."

"எல்லாரும் வந்தா எப்படிக்கா?"

"நாப்பது மூட்டை இருக்கில்ல? எறக்கு."

இறக்கினார். பிள்ளைகள் முடிந்து பெற்றோர் வந்தார்கள். அவர்களும் முடிந்து கடைசிச் சுற்றில் தணிகாசலமும் ஏறினார். எலும்புமானிகள் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பின. செங்காட்டில் இருமல் சத்தம் கேட்டால் யாரும் நடுங்கி எழுந்து ஓடவில்லை. ஒருவரை ஒருவர் தொடப் பயந்திருந்த ஊரில் தோளில் தட்டிப் பேசினார்கள். பல ஆண்டுகள் ஒரே சுவரின் இரு பக்கமும் வாழ்ந்தவர்கள் சக்கரத்தில் மூச்சிரைக்க நின்றபோதுதான் முதல் முறையாகப் பெயர் கேட்டுக்கொண்டார்கள். வாட்ச்மேன் மட்டும் அன்றாட அறிக்கையை மாற்றவில்லை. 'மூட்டைகள் நலம்.'

கடைசியில் சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார். கண்ணாடிப் பெட்டியில் கொண்டுவந்த கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டினார். ஓடுதளத்தில் படத்துக்காக ஒரு காலைத் தூக்கி நின்றார். ஊர் மக்களின் எலும்புக் கணக்கைத் திரையில் பார்த்தபோது அவருக்கே வியப்பு.

"இந்த வளாகத்தால் வட்டார மக்களுக்கு என்ன பயன் என்று கேட்டவர்கள் உண்டு" என்றார். "இதோ பாருங்கள். வளாகம் திறக்கப்போகிறது என்ற நம்பிக்கையே உங்கள் எலும்பை வலுவாக்கிவிட்டது. திறந்த பிறகு என்ன ஆகுமோ!"

மக்கள் கை தட்டினார்கள். விரல் முறியும் என்ற பயமில்லாமல் பலமாகவே தட்டினார்கள். மறுநாள் அவர் கிளம்பிப் போனார்.

அதற்கு மறுநாள் காலை தணிகாசலமும் நித்திலாவும் போனபோது கதவு சாத்தியிருந்தது.

"சோதனைக் காலம் முடிந்தது அய்யா. இனி சுமை தேவையில்லை" என்றது வாட்ச்மேன்.

"சரி, மூட்டை வேணாம். இனிமே நாங்க பொதுமக்கள். உள்ள போலாம்ல?"

"போட்டிகளின்போது போகலாம்."

"என்ன போட்டி?"

"இரு வட்டார அணிகள் மோதும் போட்டி. எதிரணி பதிவு செய்ததும் கதவு திறக்கும்."

"செவ்வாயில இருக்கிறதே இந்த ஒரு ஊருதானேய்யா?"

"ஆம் அய்யா. இதுவரை யாரும் பதிவு செய்யவில்லை."

நித்திலா கதவில் கை வைத்துப் பார்த்தாள். "மூட்டையாவே இருந்திருக்கலாம்பா" என்றாள்.

சில மாதங்களில் அவளுடைய எலும்புமானி பச்சையிலிருந்து வெளிறத் தொடங்கியது. பிலோமி வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். எல்லோரும் கூடிப் பூமிக்கு ஒரே குரலில் கோரிக்கை அனுப்பினார்கள்: 'இன்னொரு வளாகம் கட்டித் தாருங்கள். திறந்துவைக்க யாரும் வர வேண்டாம்.'

இதுவரை இல்லாத வேகத்தில் பதில் வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது. மக்கள் விருப்பப்படியே திறப்பு விழா கிடையாது. அடிக்கல் நாட்டச் சிறப்பு விருந்தினர் புறப்பட்டுவிட்டார். அவர் வந்து சேரும்வரை அந்த இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது.

தணிகாசலத்துக்கு இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டும் வேலை கொடுக்கப்பட்டது. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. யாரும் கோபப்படவில்லை. வரவேற்பு வளைவைத் தெற்கே வைப்பதா, ஊருக்குள் நுழையும் காற்றறை வாசலிலேயே வைப்பதா என்பதில்தான் தகராறு வந்தது. பிலோமிதான் சமாதானம் செய்துவைத்தாள்.

"ஆரத்தி எடுக்க நம்ம நித்திலா நிக்கட்டும். கை நடுங்காம தட்டு புடிக்கிறது இப்ப அவ ஒருத்திதான்."

நித்திலா தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவர் எப்ப வருவாரு, அத்தை?" என்று கேட்டாள். "அதுவரைக்கும் புடிக்க முடியுமான்னு பாக்கிறேன்."

தணிகாசலம் அடுத்த முடிச்சைப் போட்டார்.