தப்புத் தோளில் ஒரு பட்டை

இந்தக் காலத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. மனிதரை விடுங்கள், வண்டியே நம்புவதில்லை. பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் கீங் கீங் என்று கத்தித் தொலைக்கிறது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். வேலம்பாளையத்தில் ஆட்களை ஏற்றுவேன். முதலாளி சண்முகவேல் திடீரென்று ஒரு சட்டம் போட்டார்.

"திங்கக்கெழமையில இருந்து கேட்டுல நானே நின்னு பாப்பனுங்க. பெல்ட்டு போடாதவங்களுக்கு வண்டிச் சாவி கெடையாதுங்க."

வண்டி போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. அதற்காகப் பெல்ட் போடுகிற ஆளும் நான் இல்லை. பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டினேன். கத்தல் நின்றது. கம்பெனியில் கழித்துப் போட்ட பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டேன். வெள்ளைப் பனியன். நெஞ்சின் குறுக்கே தோளிலிருந்து சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை. தூரத்தில் பார்த்தால் அசல் பெல்ட்.

வெள்ளிக்கிழமையே போட்டுப் பார்த்தேன். பின் சீட்டில் தமிழ்மதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி பழனியம்மாளின் மகள். ஐந்தாம் வகுப்பு. அம்மாவோடு ஏறிப் பள்ளிக்கூடத்தில் இறங்கிக்கொள்வாள். பார்ப்பதும், அம்மாவின் தையல் டேப்பை என் பெல்ட்டில் வைத்து அளப்பதும், நோட்டில் எழுதுவதுமாக இருந்தாள்.

"என்ன அம்மிணி எழுதற?"

"கணக்குங்க தாத்தா."

கணக்குப் போடுகிற பிள்ளை என் தோளுக்குப் பின்னால் தொங்கும் பெல்ட்டை ஏன் டேப் வைத்து அளக்க வேண்டும்? முதலாளிதான் இவளை வேவு பார்க்க விட்டிருக்கிறார்.

திங்கள்கிழமை பள்ளிக்கூடத்தில் இறங்கியவள், உள்ளே போகாமல் என் ஜன்னலுக்கு வந்தாள்.

"தாத்தா, உங்க பெல்ட்டு இடது தோள்ல இருந்து வருதுங்க. வேன் பெல்ட்டு வலது பக்கந்தானுங்க இருக்குது?"

குனிந்து பார்த்தேன். நாசமாய்ப் போன பட்டை தப்புத் தோளில் இருந்தது.

பழனியம்மாள் சிரித்தாள். "ஏனுங்கய்யா, பனியன உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டுக்குங்க. பட்டை அந்தத் தோளுக்கு வந்துரும்."

மோசமில்லாத யோசனைதான். ஆனால் இந்தப் பிள்ளை?

"மொதலாளிகிட்டச் சொல்லீருவ, அப்படித்தான?"

"நான் எதுக்குங்க சொல்றேன்? போன வாரம் போலீசு நின்னப்பப் பெல்ட்டு போட்டீங்கல்ல, கழுத்து செவந்துருச்சுங்க. அறுக்கறதாலதான போட மாட்டீங்கறீங்க?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி உறையை எடுத்தாள். கட்டிங்கில் மீந்த மெத்தென்ற பனியன் துணி. தையல் கோணல்மாணல். மூன்று பட்டன், மூன்று நிறம்.

"நானே தச்சனுங்க. பெல்ட்டு மேல மாட்டிக்குங்க."

இதில் என்ன சூது என்று உள்ளே விரல் விட்டுத் தேடினேன். வெறும் துணிதான்.

முதுகுக்குப் பின்னால் கிடந்த பெல்ட்டை எடுத்து, உறையை மாட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே போட்டேன். அறுக்கவில்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவளே என் கழுத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள்.

கேட்டில் முதலாளி குனிந்து பார்த்தார். வலமிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று.

"ஏனுங்க அர்த்தநாரிண்ணா, ரண்டு பெல்ட்டா?"

"ஒண்ண மட்டும் நம்ப முடியாதுங்க."

அவர் சாவியைக் கேட்கவில்லை.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். பெல்ட் உயிரைக் காக்கும் என்கிறார்கள். நான் இன்னும் நம்பவில்லை. மஞ்சள் உறையை மட்டும் கழற்றி, மடியில் செருகிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தேன். வண்டியிலேயே விட்டால் எவனாவது எடுத்துப் போய்விடுவான்.