குயிலி-76: இன்னும் வைத்திருக்கலாமா?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் திருச்சி நகரத்துக்குக் கால் மணி நேரம் காது கேட்காது. உறையூரிலிருந்து திருவெறும்பூர் வரை ஏறக்குறைய எல்லாருடைய செவிச்சில்லுகளும் அப்போதுதான் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். பால் ஊற்றும் எந்திரம் குரல் கொடுத்துப் பயனில்லை என்று தெரிந்து வாசலில் பொறுமையாக நிற்கும். கணவன் மனைவிச் சண்டைகள் பாதியில் நின்று, காது திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில வீடுகளில் அந்தக் கால் மணி நேரத்தில் சமாதானமே ஆகிவிடுவதும் உண்டு.

செவிச்சில்லு என்பது ஓர் அரிசி அளவுப் பொருள். குழந்தைக்குக் காது குத்தும் அன்றே, தோடு முன்னால், சில்லு பின்னால் என்று இரண்டையும் சேர்த்து முடித்துவிடுவார்கள். வெளியே எழும் ஒலியை வாங்கி, தூசி தட்டி, இனிமை கூட்டி நரம்புக்கு அனுப்புவது அதன் வேலை. எது இனிமை என்பதை வாராவாரம் புதுப்பிப்பு சொல்லும். சில்லைச் செய்கிற நிறுவனமே இசைக்கருவிகளையும் விற்றது. அதில் விசித்திரம் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

குலசேகரன் மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் இருதயராஜ், அந்த வெள்ளிக்கிழமையும் தம் குயிலி-76இன் முன்னால் உட்கார்ந்து காது திரும்பக் காத்திருந்தார். ஐம்பத்தேழு வயதிலும் காலை ஆட்டாமல் அவருக்கு உட்கார வராது. குயிலி ஒரு காலத்தில் பெரிய பேர் வாங்கிய கருவி. ஒலியை உருவாக்குவது, அடுக்குவது, தாளம் சேர்ப்பது, ஒரு முழுக் குழுவின் வேலையைத் தனியாகச் செய்வது எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே நடக்கும். அதற்குள் இருபது ஆண்டுகளாக அவர் தம் கையால் செய்த ஒலிகள் இருந்தன. மழையில் நனைந்த புல்லாங்குழல் போல ஒன்று, தூரத்துத் தேவாலயத்து ஆர்மோனியம் போல ஒன்று. அவற்றை வேறு கருவிக்கு மாற்ற வழியில்லை. குயிலி போனால் அவையும் போகும்.

காது திரும்பியது. அவர் அந்த மழைக்குழல் ஒலியை எடுத்து, சில கட்டைகளைச் சேர்த்து ஒரு சுரக்கூட்டை அழுத்தினார். முகம் சுருங்கியது.

"பவுலின், கொஞ்சம் இங்க வா. இதைக் கேளு."

அவர் மனைவி பவுலின் முக்கொம்பு மதகுகளில் எந்திரங்களை மேற்பார்வையிடுகிறவள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வாசல் வரை வந்து திரும்பினாள்.

"கேக்குறேன்."

"எப்படி இருக்கு?"

"நேத்து மாதிரிதான் இருக்கு. நல்லா இருக்கு."

"தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி இல்ல?"

"இல்லையேங்க. உங்களுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?"

"நீ காதுப் புதுப்பிப்பை நிறுத்தி வச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு. மதகு திறக்குற சத்தம் கேக்குது, நீங்க கத்துறது கேக்குது. எனக்கு அது போதும்."

"அதான் பார்த்தேன்" என்றார் இருதயராஜ். பழைய காதுக்காரியின் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று அவர் முகம் சொன்னது.

ஆனால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பல் துலக்கிக்கொண்டே இசைக்கலைஞர்களின் கருத்துமன்றத்தைக் காதுக்குள் திறந்தார். அந்தக் காலத்தில் கருத்துகளைப் படிக்க மாட்டார்கள். அவை குரல்களாகவே வந்து விழும். "குயிலி-76, இன்னும் வைத்திருக்கலாமா?" என்று கேட்டார். வாய் கொப்பளிப்பதற்குள் உலகமே பேசத் தொடங்கிவிட்டது.

"வித்துடுங்க. அந்த ஒலிக்கெல்லாம் காலம் முடிஞ்சுபோச்சு" என்றது ஒரு குரல். "கட்டைகள் அருமை, அதுல ஒரு கனம் உண்டு. ஆனா ஒலி தகரம்" என்றது மற்றொன்று. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர், "நானும் வச்சிருந்தனான். திரை சின்னன், பார்த்துப் பார்த்துக் கண் போயிட்டுது" என்றார். இன்னொருவர், "வீட்ல பழகுறதுக்கு வச்சுக்கலாம், மேடைக்கு எடுத்துட்டுப் போனா மானம் போயிடும்" என்றார். காற்றில் கையசைத்தாலே வாசிக்கும் புதிய காற்றிசைக்கு முன்னால் குயிலி எம்மாத்திரம் என்று பலர் கேட்டார்கள். குயிலியைத் தொட்டே பார்த்திராத ஒருவர்தான் எல்லாரையும்விட நீளமாகப் பேசினார். இருதயராஜ் ஒத்திகைக்குப் போகும் பேருந்திலும், சாப்பாட்டு இலையின் முன்னாலும், கோயிலில் ஜெபத்தின் நடுவிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

குலசேகரன் நேரிலேயே வந்துவிட்டான். குழுவின் தலைவன், டிரம்ஸ் அடிப்பவன். முப்பது ஆண்டுகளாக மேடையில் இருதயராஜுக்குப் பக்கத்திலேயே இருப்பவன்.

"ராஜண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரம் வர்ற ரிசப்ஷனுக்குக் குயிலி வேணாம்ணே. நம்ம பயலுக எல்லாருக்கும் தகரமாக் கேக்குதாம்."

"எனக்கும் அப்படித்தான் கேக்குது குலசேகரா."

"அப்ப மாத்திடுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். என் நிலைமையையும் நினைச்சுப் பாருங்க."

வேறு வழி தெரியவில்லை. சனிக்கிழமை இருதயராஜ் குயிலியைத் துணியில் சுற்றிப் பெரிய கடைவீதியில் இருக்கும் மாற்றுக் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே கொடுத்தால் பழையதை உருக்கிவிட்டுப் புதியதைத் தருவார்கள். வண்டியில் போகும்போது மடியில் இருந்த பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

கடையில் மதிப்பீடு செய்வது ஓர் எந்திரன். எந்திரன்களுக்குச் செவிச்சில்லு கிடையாது. அவை அலையை அளக்கும், அவ்வளவுதான். பேச்சும் எழுத்துத் தமிழில்தான் வரும். அது எல்லாக் கட்டைகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்தது.

"ஐயா, இதில் குறை ஏதும் இல்லை. செய்த நாளில் எப்படி ஒலித்ததோ அப்படியே ஒலிக்கிறது. எதற்காக உருக்க வேண்டும்?"

"தகரமாக் கேக்குதுப்பா."

"தங்களுக்கு அப்படிக் கேட்கலாம். நேற்றைய வெள்ளிக்கிழமைப் புதுப்பிப்பில் இந்த வகை ஒலிகளுக்கான இனிமை நீக்கப்பட்டது. மாறியது கருவி அன்று, தங்கள் காது."

இதைச் சொல்லும்போது அதன் குரலில் எந்த அதிர்ச்சியும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த செய்தி என்றுதான் அது நினைத்திருக்கிறது.

இருதயராஜ் குயிலியோடு அடித்துப்பிடித்து வீடு வந்தார். சில்லைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி எப்போதும் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் போனதில்லை, அவ்வளவே. குயிலியை வாங்கிய ஆண்டின் காதைத் தேர்ந்தெடுத்தார். மழைக்குழலை எடுத்து வாசித்தார்.

ஒலி வீட்டை நிறைத்தது. தாம் செய்த ஒலியின் அழகை அவர் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்காமலே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த முறை அழுகையை அடக்கவில்லை. வேலை முடிந்து வந்த பவுலின் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"இதைத்தான நான் தினமும் கேட்டுட்டிருக்கேன்" என்றாள்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். மனிதர் வாசித்துக்கொண்டு, மனைவி கேட்டுக்கொண்டு, பெட்டி தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நல்லது ஒன்று கிடைத்தால் அதைப் பற்றி நாலு பேரிடம் கருத்துக் கேட்காமல் இருக்க இசைக்கலைஞர்களால் முடியாது. இருதயராஜ் மன்றத்தில் சொன்னார். சொன்னதுதான் தாமதம், பழைய காது பித்து எல்லாரையும் பிடித்துக்கொண்டது.

இப்போது கேள்வி, எந்த ஆண்டுக் காது சிறந்தது என்பது. ஒன்றில் வயலின் உருகுமாம், ஆனால் மிருதங்கம் மொத்தையாம். இன்னொன்றில் தபேலாவின் விரல் நுனி கூடக் கேட்குமாம், பாட்டுக்காரர் குரல் மட்டும் கொஞ்சம் பின்னால் நிற்குமாம். இருதயராஜ் காலையில் ஒரு காது, மாலையில் ஒரு காது என்று மாற்றினார். ஒவ்வொன்றிலும் ஒரு சுரக்கூட்டை அழுத்துவார், தலையைச் சாய்ப்பார், திருப்தியில்லாமல் அடுத்ததற்குப் போவார். ஒரு முழுப் பாட்டை வாசித்து நாளாகிவிட்டது.

"ரிசப்ஷனுக்குப் பாட்டு எடுத்து வச்சாச்சா?" என்று பவுலின் கேட்டாள்.

"முதல்ல காது அமையட்டும்."

"இப்ப நல்லாத்தான கேக்குது உங்களுக்கு?"

"நல்லாக் கேக்குது. ஆனா இதைவிட நல்லாக் கேக்கும்னு சொல்றாங்களே."

அப்போதுதான் குலசேகரன் மன்றத்தில் அந்தக் குண்டைப் போட்டான். எல்லாக் காதுகளிலும் பழையது எது? பிறவிக் காது. சில்லே இல்லாமல், ஆண்டவன் கொடுத்தபடி கேட்பது. அவன் சில்லையே எடுத்துவிட்டான். எப்படி இருக்கிறது என்று எல்லாரும் முண்டியடித்துக் கேட்டார்கள். "சொல்ல வார்த்தை இல்லை" என்று ஒரே வரி பதிந்தான். அந்த ஒரு வரி இருதயராஜைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. சோற்றைப் பிசைந்தபடியே எழுந்து நடந்தார். நடந்தபடியே உட்கார்ந்தார். தாம் தொடங்கி வைத்த விஷயத்தில் குலசேகரன் முந்திக்கொண்டானே என்பது வேறு உள்ளே அரித்தது.

செவி நிலையத்தில் இருந்த பெண் நிதானமானவள். சில்லை எடுத்தால் மறுபடி வைக்க முடியாது, நரம்பு ஏற்காது என்று முதலிலேயே சொன்னாள்.

"சார் என்ன தொழில் பண்றீங்க?"

"கீபோர்டு. மெல்லிசைக் குழு."

"மேடையில ஸ்பீக்கர் பக்கத்துலயா நிப்பீங்க?"

"முப்பது வருஷமா அங்கதான். ஏம்மா?"

"சார், ரொம்ப உரக்க வர்றதைச் சில்லு உங்களுக்குத் தணிச்சுக் குடுத்துடும். ஆனா அதுக்குப் பின்னால இருக்குற உங்க சொந்தக் காது..."

"எல்லாரும் இப்படித்தாம்மா பயமுறுத்துவாங்க" என்று சொல்லி இருதயராஜ் கட்டைவிரலைப் பதித்துவிட்டார். கூட வந்திருந்த பவுலின் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அதற்காக அவள் பின்னால் நிறைய வருத்தப்பட்டாள்.

வலியே இல்லை. சில்லு வெளியே வந்தது. பஞ்சை எடுத்த அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன. கட்டடத்துக்கு வெளியே நின்று யாரோ பேசுவது போல ஏதோ ஒன்று வந்தது. நரம்பு பழக வேண்டும், நாளாகும் என்று இருதயராஜ் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வழியில் பேருந்துகள் துணி இழுபடுவது போலப் போயின.

வீட்டுக்கு வந்ததும் குயிலியின் முன்னால் உட்கார்ந்தார். கால் ஆடவில்லை. மழைக்குழலை எடுத்து அழுத்தினார். விரல் கட்டையைத் தொட்டது தெரிந்தது. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபோது அது அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பவுலின் காதுகளைப் பொத்திக்கொண்டு அடுக்களையிலிருந்து ஓடிவந்து, ஒலியைக் குறைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவள் உடனே புரிந்துகொண்டாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். அவருக்கு அவள் வாய்தான் தெரிந்தது. முப்பது ஆண்டுகள், வாரத்துக்கு இரண்டு மூன்று கல்யாணம், கைக்கெட்டும் தூரத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள். அவருக்குப் பயமாக இருந்தது. சின்னப் பிள்ளை போல அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எதிர்ச்சுவரில் திரை ஒளிர்ந்தது. இனிக் கருத்துகள் குரலாக வராது, எழுத்தாகத்தான் வரும். மன்றத்தில் பெரிய கூட்டமே காத்திருந்தது. பிறவிக் காது எப்படி, எடுக்கலாமா, வேண்டாமா, ராஜ் ஐயா சொன்னால் நாளைக்கே நிலையத்துக்குப் போகிறோம் என்று வரிசையாகக் கேள்விகள். அவற்றுக்கு மேலே, தனிச் செய்தியாக, குலசேகரனிடமிருந்து ஒன்று.

"ராஜண்ணே, மன்றத்துல வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

இருதயராஜ் அதை இரண்டு முறை படித்தார். குலசேகரனின் டிரம்ஸும் அதே ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்பது அவர் நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். பவுலின் அவர் கையைத் திரைப்பக்கம் நகர்த்தினாள், எழுதுங்கள் என்பது போல.

எழுதினார். "ரொம்பத் தெளிவாக் கேக்குது தம்பி. உனக்கு?"

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது.

"எனக்கும்தாண்ணே. சும்மா கேட்டேன்."

பவுலின் அவர் கையை விட்டுவிட்டு எழுந்து போனாள். இருதயராஜ் மன்றத்துக்குத் திரும்பி, காத்திருந்தவர்களுக்காகத் தம் கருத்தைப் பதிந்தார். "இத்தனை நாள் நான் கேட்டதெல்லாம் இசையே இல்லை. யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்."