மூன்று பொட்டு வெல்டிங்

முதலில் வந்தது சத்தமா, வாடையா என்பதில் குணசேகரனுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஒருநாள் சத்தம் என்பான். மறுநாள், இல்லை, வாடைதான் என்பான். மழை மூன்று மணிக்குப் பிடித்ததா நான்கு மணிக்கா, ரஞ்சிதா நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாளா அவன் எடுத்துப் போட்டானா, எல்லாம் அவன் நினைவில் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறாதது ஒன்றுதான். அவன் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த வெள்ளை ஃபியட்டின் வலது பின்சக்கரத்திலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. கியர் எண்ணெய்தான் என்று விரலில் தொட்டு முகர்ந்தான். கண்மாய்ச் சேற்றின் வாடை அடித்தது.

வண்டியைக் கொண்டுவந்தவன் சூர்யபிரகாஷ். நாகராசுவின் மகன். ஷார்ஜாவில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்து, கோயம்புத்தூரில் ஏதோ டாக்டர் வீட்டில் போர்வை போட்டு மூடிக் கிடந்த பழைய ஃபியட்டை ஆசைப்பட்டு வாங்கியிருந்தான். மறுநாள் காலை குடுமியான்மலைக் கோயிலில் அவனுக்குக் கல்யாணம்.

"பின்னாடி வலது பக்கம் உறுமுது சித்தப்பா. நாப்பதத் தாண்டுனா ஆட்டமும் தெரியுது. கொடும்பாளூர்லேருந்து பொண்ண இதுலதான் கூட்டியாரணும். புது ஆக்ஸில் ரெண்டு, பேரிங்கு, காலர் எல்லாம் திருச்சியில வாங்கியாந்துட்டேன். நீங்க மாட்டிக் குடுத்தாப் போதும்."

"வேற மெக்கானிக்கே கெடைக்கலயாப்பா ஒனக்கு?"

"கிண்டல் பண்ணாதீங்க. அப்பா கூட வேல பாத்தவங்க நீங்க ஒருத்தருதான்."

மாலை வாங்க வேண்டும் என்று யாரோ நண்பனின் பைக்கில் ஏறிப் போய்விட்டான். அம்மாவை மட்டும் பட்டறையில் விட்டுவிட்டுப் போனான்.

ரஞ்சிதாவைக் குணசேகரன் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. நாகராசு செத்த பிறகு இலுப்பூரில் அவளால் இருக்க முடியவில்லை. ஜெகதாப்பட்டினத்துக்குப் போய் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மகனை ஆளாக்கினாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"அவுக கை படாத வண்டி தம்பி இது," என்றாள். "அதான் தைரியமா ஏறி வந்தேன்."

அவன் சக்கர நட்டுகளைக் கழற்றத் தொடங்கினான்.

பழைய ஃபியட்டின் பின் ஆக்ஸிலில் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வளையம். காலர் என்பார்கள். அதைக் கேஸ் நெருப்பில் நீலம் பாயும்வரை காய்ச்சி, ஆக்ஸிலில் பேரிங்குக்குப் பின்னால் இறக்கினால், ஆறும்போது இரும்பை இரும்பு கவ்விக்கொள்ளும். ஒருமுறை கழற்றிய காலரை மறுபடி போடக் கூடாது. பிடிக்காது. போட்டே தீர வேண்டும் என்கிற அவசரக்காரன் அதன்மேல் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைப்பான். பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் வெல்டிங் பட்ட இடத்தில் ஆக்ஸில் பொரபொரத்து, ஏதாவது ஒரு வளைவில் முறியும். சக்கரம் ஆக்ஸில் துண்டோடு கழன்று தனியாக ஓடும்.

பதினோரு வருடத்துக்கு முன் அப்படித்தான் ஓடியது. அதுவும் ஒரு ஃபியட். அதுவும் கல்யாண வண்டி. அன்னவாசலைத் தாண்டிய கண்மாய் வளைவு. ஓட்டிப்போன நாகராசுவும் பின்னால் இருந்த இரண்டு பெண்களும் தண்ணீருக்குள்ளேயே முடிந்தார்கள். திருச்சியிலிருந்து புதுக் காலர் வராததால் பழையதையே வைத்து மூன்று பொட்டு அடித்தவன் குணசேகரன். மூன்றாவது பொட்டு வைக்கும்போது வாசலிலிருந்து நாகராசு, "குணா, டீ ஆறுதுடா," என்று கூப்பிட்டதில் கை நழுவி, அந்தப் பொட்டுக்கு மட்டும் ஒரு வால் விழுந்துவிட்டது. "புதுசு போட்டாச்சாடா?" என்று கேட்டதற்கு, "போட்டாச்சுண்ணே," என்றான். போலீசு கேட்டபோது, அந்த வேலையை நாகராசு பார்த்தார் என்றான். செத்தவன் மறுக்கவில்லை. ஊர், செத்தவனின் பெண்டாட்டியின் முகத்தில் காறித் துப்பியது.

பிரேக் டிரம்மைக் கழற்றி, ஆக்ஸிலை உருவும் இழுவையை மாட்டிச் சுண்டினான். ஆக்ஸில் வழுக்கிக்கொண்டு வந்தது. துணியால் துடைத்தான்.

காலரில் மூன்று பொட்டு. மூன்றாவதற்கு வால்.

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கை தன்போக்கில் துடைத்துக்கொண்டே இருந்தது. யாராவது வைத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தமிழ்நாட்டில் இவன் ஒருவனுக்குத்தானா அவசரம்? கோயம்புத்தூரிலும் ஒருவனுக்குக் கை நழுவியிருக்கும். அன்றைக்கு முறிந்த ஆக்ஸில் போலீசு வளாகத்தில் துருப்பிடித்துப் பழைய இரும்புக்காரனிடம் போனதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். ஆக்ஸிலை மேசைமேல் வைத்து, ஒரு சாக்கால் மூடினான்.

புதியதை எடுத்தான். பேரிங்கை இறக்கினான். காலரைக் காய்ச்சினான், வைக்கோல் நிறம் வந்து, ஊதா வந்து, நீலம் பாய்ந்ததும் குறட்டால் பிடித்து இறக்கினான். டக்கென்று உட்கார்ந்தது. இப்படி ஒழுங்காகச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிவிட்டது? கால் மணி. அன்றைக்கும் புதுக் காலர் வரும்வரை பொறுத்திருந்தால், கால் மணிதான் ஆகியிருக்கும். ஆறியதும் உள்ளே செலுத்தி, நான்கு போல்ட்டையும் முறுக்கி, சக்கரத்தை மாட்டி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான்.

ஆடியது. தளர்ந்த பல்லைப்போல.

மெதுவாகச் சுற்றிப் பார்த்தான். உள்ளே ஒரு முனகல். பல்சக்கரம் உரசும் சத்தம் அவனுக்குத் தெரியும். இது இரும்பு அல்ல. வாய்க்குள் தண்ணீர் நிறைந்த ஒருவன் ஏதோ சொல்ல முயல்வதுபோல இருந்தது.

"ஒரு சக்கரத்தக் கழட்டி மாட்ட இம்புட்டு நேரமா தம்பி?" ரஞ்சிதா திரும்பாமலே கேட்டாள். "இந்நேரத்துக்குப் பந்தியே முடிஞ்சிருக்கும்."

"இந்தா முடிஞ்சிருச்சு மதினி."

மறுபடி பிரித்தான். மறுபடி இழுவையைச் சுண்டினான். வந்தது. கை மணிக்கட்டுவரை நனைந்தது; எண்ணெயில்லை, தண்ணீர். துடைக்கவே தேவையில்லாமல் தெரிந்தது.

மூன்று பொட்டு. வால்.

சாக்கைத் தூக்கிப் பார்த்தான். பழையது அங்கேயே கிடந்தது. ஆக, இப்போது இரண்டு. அவன் காய்ச்சி இறக்கிய புதியது எங்கும் இல்லை. மேசைக்குக் கீழே பார்த்தான். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தான். டார்ச் வெளிச்சத்தை ஆக்ஸில் கூட்டின் குழாய்க்குள் அடித்தான். வெளிச்சம் கொஞ்ச தூரம் போய், அதற்குமேல் போகவில்லை.

இன்னொரு புதிய ஆக்ஸில் மீதியிருந்தது. காய்ச்சினான். இறக்கினான். இந்த முறை ஆக்ஸில் உள்ளே போகும்வரை காலரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீலம். சுத்தமான நீலம். வெல்டிங் இல்லை. போல்ட்டை முறுக்கினான். முறுக்கிய கையோடு அவிழ்த்தான். சக்கரம் மாட்டவில்லை, நகரவில்லை, இமைக்கக்கூட இல்லை. இழுத்தான்.

மூன்று பொட்டு.

அதில் பாசி ஒட்டியிருந்தது.

ஆக்ஸில் கை நழுவித் தரையில் விழுந்த சத்தத்தில் ரஞ்சிதா எழுந்து வந்தாள். சாக்கு விலகியிருந்தது. மேசைமேல் இரண்டு, தரையில் ஒன்று. மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, மூணும் ஒண்ணு போல கெடக்கு?"

அவன் சாக்கை இழுத்து மேசையை மறுபடி மூடப் பார்த்தான்.

"அன்னைக்கு வண்டியில கெடந்ததும் இப்புடித்தான் இருந்துச்சா? என் கண்ணுல யாரும் காட்டல."

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. பட்டறையில் அப்படியொரு அமைதி. ஜாக்கியில் நின்ற வண்டி ஒரு பக்கம் காதைச் சாய்த்துக் கேட்பதுபோல நின்றது. இப்போது சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தெரிந்தது. நான் வைத்தது மதினி. மூன்று வார்த்தை கூட்டினால் வந்துவிடும். அவள் அழுவாள், அடிப்பாள், மகன் வருவான், நாளைக்கு இந்த வண்டி போகாது. அவ்வளவுதான்.

"ஆமா மதினி," என்றான். "அண்ணன் இப்புடித்தான் வச்சிருந்தாரு."

அவள் குனிந்து, அந்த வால் விழுந்த பொட்டைச் சுருங்கிய விரலால் தடவினாள்.

"அவுக கை இப்புடி நழுவாதே," என்றாள்.

போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

வாசலில் பைக் சத்தம். மாலைப் பொட்டலத்தோடு சூர்யபிரகாஷ் இறங்கினான். பாலித்தீன் பைக்குள் ரோஜா வாடை.

"ஆச்சா சித்தப்பா?"

"பத்து நிமிஷம்."

புதியது இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத் தொடங்கினால் வெல்டிங்கைச் சொல்ல வேண்டும். வெல்டிங்கைச் சொன்னால், சொல்லி முடிக்காமல் நிறுத்த முடியாது. இருபது கிலோமீட்டர்தான். மெதுவாகத்தான் போவார்கள். திங்கட்கிழமை திருச்சிக்குப் போய்ப் புதியது வாங்கி, பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதே வார்த்தைகளை அவன் மனசு முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறது. தரையில் கிடந்ததை எடுத்தான். பாசியைத் துடைத்தான். தன் கையாலேயே உள்ளே செலுத்தினான்.

எதிர்ப்பே இல்லாமல் போனது. சக்கரத்தை மாட்டி ஆட்டினான். ஆடவில்லை. சுற்றினான். வெண்ணெய்போலச் சுற்றியது. ஒரு சத்தமும் இல்லை.

"புதுசு போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சு."

வண்டியை இறக்கியதும் குணசேகரன் கதவைப் பிடித்துக்கொண்டான். "பிரகாஷு. நாளைக்கு இந்த வண்டி வேண்டாம்ப்பா. வேற ஏதாச்சும் கார் பேசிக்க."

"ஏன் சித்தப்பா? இன்னும் சத்தம் வருதா?"

"இல்ல. சத்தம் வரல."

"அப்புறம் என்னவாம்?" அவன் சிரித்தான். "நாளைக்கு நேரத்தோட வந்துருங்க. மொத பந்தியில ஒங்களுக்கு எடம் போட்டு வச்சிருக்கேன்."

பின்கண்ணாடி வழியே ரஞ்சிதா அவனையே பார்த்தபடி போனாள்.

மறுநாள் குணசேகரன் கல்யாணத்துக்குப் போகவில்லை. பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. கண்மாய் வளைவு. தாலி கட்டித் திரும்பி வரும்போது.

போய்ச் சேர்ந்தபோது கிரேன் வண்டியைக் கரையேற்றியிருந்தது. நல்ல வெயில். முந்நூறு பேர் நின்றார்கள். ரஞ்சிதாவை ஆடு மேய்க்கிறவர் ஒருவர் இழுத்துப்போட்டுக் காப்பாற்றியிருந்தார். ஈரத்தோடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை ஓட்டிய சூர்யபிரகாஷையும் புதுப்பெண்ணையும் வேட்டி போட்டு மூடியிருந்தார்கள். குணசேகரன் அவர்களைப் பார்க்கவில்லை. வண்டியின் வலது பின்பக்கத்தைப் பார்த்தான்.

சக்கரம் இருந்தது. அதன் இடத்தில்.

"கடைசியா வேல பாத்தது நீங்கதானே? பிரிங்க," என்றார் வாகன ஆய்வாளர்.

பிரித்தான். அத்தனை பேர் பார்க்க இழுத்தான். புத்தம்புதிய ஆக்ஸில் வெயிலில் மின்னியது. காலரில் நீலம் பாய்ந்திருந்தது. வெல்டிங் இல்லை. ஒரு கீறல் இல்லை.

"வேல சுத்தமா இருக்கு," என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். "ஓட்டுனவன் தப்பு." கூட்டத்தில் யாரோ, "அப்பன மாதிரியே மகனும்," என்றார்கள். ரஞ்சிதாவின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

"இது இல்ல சார்," என்றான் குணசேகரன். "நான் போட்டது இது இல்ல. வெல்டிங் வச்சது. அன்னைக்கும் நான்தான். ரெண்டு தடவையும் நான்தான்."

யாரோ அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். பாவம், சாவு வீட்டு மயக்கம்.

"உள்ள இருக்கு சார். பாருங்க."

விரல்களைக் குவித்துக் குழாய்க்குள் நுழைத்தான். சேறு. அதற்கு அப்பால் எண்ணெய். அதற்கு அப்பால்,

ஒரு கை.

சூடாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. நசுக்கவில்லை. நாகராசு ஸ்பேனரை வாங்கிக்கொள்வதுபோல, பழக்கமாக, அவன் விரல்களை வாங்கிக்கொண்டது.

சூர்யபிரகாஷையும் புதுப்பெண் அருணாவையும் அன்று மாலையே எரித்தார்கள். ரஞ்சிதா ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் உடைக்கிறாள். அவள் ஏறுகிற பஸ்ஸில் ஏற மாட்டோம் என்கிறவர்கள் அங்கேயும் உண்டு. குணசேகரன் போலீசிடமும், கோயில் வாசலிலும், டீக்கடையிலும் நடந்ததைச் சொல்கிறான். ஆய்வாளரின் காகிதத்தைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். பட்டறையைப் பூட்டிவிட்டான், நான்கு விரல் இல்லாமல் நட்டு முறுக்க முடியாது. அன்றைக்கு அவனை விடுவிக்கக் கேஸ் நெருப்பு வைத்து ஆக்ஸில் கூட்டை இரண்டாக அறுத்தார்கள். உள்ளே பல்சக்கரங்கள் இருந்தன, எண்ணெய் இருந்தது. விரல்கள் இல்லை.

அறுத்தவர்களில் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். நெருப்பு படாத பக்கத்து எண்ணெய்தான் அது. உடம்புச் சூட்டில் இருந்தது என்றார்.