கீற்று மூடிய அம்பாரம்

வேதாரண்யத்தில் இப்போது யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. வானிலை கணிக்கும் கணினியான அலைக்கணி சொல்லும் நாளில் உப்பு வாருகிறார்கள். அது சொல்லும் நாளில் கல்யாணப் பந்தல் போடுகிறார்கள்.

இந்துமாக்கடலில் எழும் மேகக்கூட்டம் கிழக்கே நகர்ந்து, வெப்பமண்டலத்தைச் சுற்றி, நாற்பது ஐம்பது நாளில் அலைபோலத் திரும்பி வரும். பழைய கணினி மாதிரிகளில் அந்த அலை கிழக்குத் தீவுகளைத் தாண்டுமுன்பே செத்துவிடும். அலைக்கணியில் மட்டும் தாண்டியது. எப்படி என்று அதைப் பராமரிக்கும் தையல்நாயகிக்கே விளங்கவில்லை. மூன்று வருடமாகத் தப்பவில்லை என்பதே அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

அவள் கணவன் வேதரத்தினம் உப்பளக்காரன். ஊரில் அலைக்கணியைக் கேட்காதவன் அவன் ஒருவன்தான். அந்த மாலை, பருவம் முழுக்க வாரிய உப்பு பாத்தியோரம் அம்பாரமாகக் கிடந்தது.

"மூடவா, வேணாமா?"

"பன்னெண்டு நாளைக்குச் சொட்டு விழாது மாமா. நூறு தடவ சரிபாத்துட்டேன்."

அவள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அதைப் பார்த்த அவன் கீற்றுகளைத் தொடவில்லை.

விடியலில் மழை கொட்டியது. பாதி உப்பு கரைந்து வாய்க்காலில் ஓடியது.

அலுவலகத்துக்கு ஓடிய தையல்நாயகி, அலைக்கணி எந்தத் தகவலை எவ்வளவு நம்புகிறது என்ற பட்டியலைத் திறந்தாள். காற்று, கடல்வெப்பம் எல்லாவற்றுக்கும் மேலே செயற்கைக்கோள் எடுத்த ஒரு படம். வேதரத்தினத்தின் அம்பாரம்.

"நீங்க மூடுனா மழ, மூடாட்டி வெயில்னு கத்துக்கிட்டிருக்கு மாமா," என்றாள் வீடு திரும்பி. "நீங்க எதப் பாத்து மூடுறீங்க?"

"உன்னப் பாத்துதான். மிசின் மேல சந்தேகம் வந்தா, சோத்துத் தட்டோட நாலு தடவ வாசலுக்குப் போயி வானத்தப் பாப்ப. ஒடனே மூடிருவேன். நேத்துதான் நீ எந்திரிக்கவே இல்லையே!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "கரஞ்சதுக்கு என்னையத் திட்டுங்களேன்."

"திட்டுனா அலைக்கணி புயலுன்னு சொல்லிருமே புள்ள."

மறுநாள் மாலை, சாப்பாட்டின் நடுவில் அவள் தட்டோடு எழுந்தாள். அவன் பாதிச் சோற்றில் கைகழுவி உப்பளத்துக்கு ஓடினான். மிச்ச உப்பின்மேல் கடைசிக் கீற்றைப் போடும்போது பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"மோர் எடுக்கத்தான் எந்திரிச்சேன் மாமா!"

அதற்குள் செயற்கைக்கோள் மூடிய அம்பாரத்தைப் படமெடுத்துக் கடந்து போயிருந்தது. தெளிந்த வானத்தின் கீழ், ஊரில் ஒன்பது கல்யாணப் பந்தல்களைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.