காற்றுக்கு ஒரு வீடு

புயல் கரையைத் தொட இன்னும் ஐம்பது மணி நேரம் இருக்கும்போதே செம்பியன்துறைக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லா வீட்டு வாசல் மின்திரையிலும் ஒரே நேரத்தில். கடலைப் பார்த்த முன்வரிசை வீடுகள் முப்பத்தேழுக்கும் சிவப்பு. பின்வரிசைகளுக்கெல்லாம் பச்சை.

பச்சை என்றால், இந்தப் புயலின் காற்று எதை உடைத்தாலும் காப்பீட்டு நிறுவனம் திரும்பக் கட்டித் தரும். சிவப்பு என்றால் இந்தப் புயலுக்குக் காப்பு இல்லை. தீர்ப்புச் சொல்வது நிறுவனத்தின் கணிப்பு இயந்திரமான முன்காண்பொறி. சுவர்களுக்குள் தலைமுடி கனத்தில் ஓடும் சுவர்நரம்புகள் செங்கல்லின் ஈரத்தையும் ஆணியின் தளர்வையும் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வரப்போகும் காற்றை அது ஒவ்வொரு வீட்டின்மேலும் கணக்கிலேயே லட்சம் முறை வீசிப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதும். பத்து வருடமாக அது தவறியதில்லை.

"பச்சை!" என்று மாடியில் நின்று கத்தினார் உத்திராபதி. ஐஸ் கம்பெனி நடத்தி ஓய்ந்தவர். இரண்டாம் வரிசையில் புது வீடு கட்டி மனைவி சௌந்தரத்தோடு குடியேறியிருந்தார். "செண்பகம், உனக்கு என்னம்மா?"

"சிவப்புண்ணே!" என்றாள் முன்வரிசையில் இருந்த செண்பகவல்லி.

அவள் ஊராட்சியின் காப்பு விளக்குநர். காற்று உடைத்ததற்கு உண்டு, கடல்நீர் புகுந்ததற்கு இல்லை என்று ஊருக்கே சொல்லிக் கொடுப்பவள். மற்றவர்கள் நிறத்தைப் பார்த்ததும் திரையை அணைத்துவிட்டார்கள். அவள் பதினான்கு பக்கத்தையும் படித்தாள். காப்பை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒன்பதாம் பக்கத்தில் காரணம் இருந்தது: 'கிழக்கு ஜன்னலின் மேல் கீல் கழலும். காற்று உள்ளே புகும். நாற்பது விநாடியில் கூரை எழும்பும்.'

மூன்று முறை படித்தாள். உள்ளே அவள் கணவன் கலியமூர்த்தி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"மூட்டைய அவுருங்க! நம்ம வீட்டச் சாய்க்கப்போறது ஒரே ஒரு கீலுங்க!"

"என்ன சொல்ற?"

"மாட்டேன்னு எழுதல, வைத்தியம் எழுதிக் குடுத்திருக்கான். படிக்கத்தான் ஆளில்ல!"

கலியமூர்த்தி படகு எஞ்சின் மெக்கானிக். அரை மணி நேரத்தில் ஜன்னலின் குறுக்கே இரும்புப் பட்டை அடித்து முடுக்கினான். செண்பகவல்லி 'மறுபார்வை' என்ற பொத்தானைத் தொட்டாள். நான்கு நிமிடம். திரை பச்சையாயிற்று. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

அதன் பிறகு யாரும் உட்காரவில்லை. அவள் வீடு வீடாக ஓடி ஒன்பதாம் பக்கத்தை உரக்கப் படித்தாள். ஒரு வீட்டில் துருப்பிடித்த நான்கு கொக்கிகள். இன்னொன்றில் வாசல் கதவின் தாழ்ப்பாள். கலியமூர்த்தியும் படகுக்காரர்களும் பின்னாலேயே வந்து முடுக்கினார்கள். ஒவ்வொரு திரை பச்சையாகும்போதும் விசில் பறந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் முப்பத்தேழும் பச்சை. உத்திராபதியே பெரிய அண்டாவில் டீ போட்டு அனுப்பினார்.

புயல் பகல் பதினோரு மணிக்கு வந்தது. செண்பகவல்லியின் வீடு அதிர்ந்தது, ஆனால் அசையவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாக அக்கம்பக்கத்து வீடுகளும் நிற்பதைப் பார்த்தவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அடுத்த நிமிடம் பக்கத்துச் சந்து கண்ணில் பட்டது.

இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சந்தில் காற்று குழாய்த் தண்ணீர் மாதிரி பீறிட்டது. விழாமல் நின்ற வீடுகள் அதை நெருக்கிப் பிழிந்து பின்னால் தள்ளின. மணலும் மரக்கிளையும் நேராகப் போய் உத்திராபதியின் சுவரில் மோதின. பச்சை வாங்கியவர்கள் கேட்டாலொழிய பொறி அவர்கள் வீட்டை மறுபடி பார்ப்பதில்லை. கொடுத்த பச்சையை நிறுவனம் பறிக்கக் கூடாது என்று மக்களின் நன்மைக்காகப் போட்ட விதி.

அவள் போன் செய்தாள். "அண்ணே, ஒடனே மறுபார்வை கேளுங்க!"

"பச்சை வச்சிருக்கவன் எதுக்கும்மா கேக்கணும்? விழுந்தா அவன் கட்டித் தரப்போறான்."

"வீட்டக் கட்டித் தருவான்ணே. சௌந்தரம் அக்காவ?"

அவர் பொத்தானைத் தொட்டார். நான்கு நிமிடம் கழித்து அவர் குரல் வந்தது. "செண்பகம்... சிவப்பு. பதினோரு நிமிஷத்துல கூரை போயிடும்னு போட்டிருக்கு."

கலியமூர்த்தி இடுப்பில் படகுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக ஊர்ந்தான். கயிற்றின் இந்த முனையைத் தூணில் சுற்றிப் பிடித்திருந்தாள் செண்பகவல்லி. முதலில் சௌந்தரத்தை அணைத்துக்கொண்டு வந்தான். அவன் உத்திராபதியையும் உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தியபோது, எதிரே அந்தப் புது வீட்டின் கூரை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போயிற்று.

காற்று அடங்கியதும் அவர் கேட்டார்: "பத்து வருஷமா தப்பாதது எப்படிம்மா தப்பாப் போச்சு?"

பச்சைக்குக் காரணம் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கேட்டால் பொறி சொல்லும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். செண்பகவல்லி கேட்டாள். ஒரே வரி வந்தது: 'முன்வரிசையின் முப்பத்தேழு வீடுகளும் விழுந்து காற்றின் வேகத்தை உடைக்கும் என்பதால்.'

உத்திராபதி அந்த வரியை இன்னொரு முறை படித்தார். "நீங்க விழுவீங்கன்னு நம்பித்தான் எனக்குப் பச்சை. அதுக்கா நான் மாடியில நின்னு கத்துனேன்?"

ஊர்க்கூட்டத்தில் அவள் பொறியிடம் அடுத்த கேள்வியைப் போட்டாள். எல்லா வீடும் நிற்க வழி உண்டா? உண்டு என்றது. கடலோர மணலில் ஒரு வெற்று வீடு கட்ட வேண்டும். அது சரியான நேரத்தில் நொறுங்கி, காற்றைச் சிதறடிக்கும்.

ஊர் துள்ளி எழுந்தது. நான்கு மாதம் ஆணும் பெண்ணுமாக மண் சுமந்தார்கள். முதல் சிமெண்ட் மூட்டை உத்திராபதியுடையது. எப்போது நொறுங்கும் என்று பொறிக்குத் தெரிய வேண்டுமே, அதனால் சுவர்நரம்பும் பதித்து வாசல்திரையும் மாட்டினார்கள். யாரும் குடியிருக்கப் போவதில்லை என்பதால் பூட்டு வைக்கவில்லை. காற்று வீடு என்று பெயர் வந்தது.

கார்த்திகையில் அடுத்த புயல். கடிதங்கள் வந்தன. ஊர் முழுவதும் பச்சை. காற்று வீட்டுக்கு மட்டும் சிவப்பு. ஒரு சிவப்புக் கடிதத்துக்கு ஊரே கைதட்டியது அதுதான் முதல் தடவை. தீபாவளிக்கு மிஞ்சிய வெடிகளை இளவட்டங்கள் கொளுத்தினார்கள்.

செண்பகவல்லி சிரித்துக்கொண்டே அந்தச் சிவப்புக் கடிதத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் சுவர்நரம்புகள் உணர்ந்த கணக்கு: 'உள்ளே வசிப்போர்: நால்வர்.'

அவள் மணலில் ஓடினாள்.

காற்று வீட்டின் வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். உள்ளே அடுப்பு எரிந்தது. உப்பளத்துக்கு அப்பால் குடிசை போட்டிருந்தவர்கள். போன புயலில் குடிசை போனது. வீடில்லாதவர்களுக்குக் கடிதம் வருவதில்லை. அதனால் அவர்களை ஊர் எண்ணவும் இல்லை.

"யாருக்கும் இல்லாத வீடுன்னாங்க, அதான் வந்துட்டோம்." அவள் முகமெல்லாம் மலர்ந்து வாசல்திரையைக் காட்டினாள். "எங்களுக்கும் கடுதாசி வந்திருக்கும்மா, மொதத் தடவையா! ஊர்ல வெடியெல்லாம் போடுறாங்களே... சிவப்புன்னா நல்ல சேதிதானே?"